குடல் அழற்சி நோயின் நாளைய கணக்கு

குடல் அழற்சி நோய் என்ற பொதுப்பெயருக்குள் அடங்கும் இரண்டு நோய்கள் இன்னும் பத்து, இருபது ஆண்டுகளில் எத்தனை பேரிடம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியுமென்றால் எங்கே முடியும், எங்கே முடியாது? இதுவே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள். முதல் நோய் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சவ்வு புண்ணாகி, இரத்தமும் சளியும் கலந்த பேதி மாதக்கணக்கில் போகும். லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ் 1859-லேயே இதைக் குறித்து எழுதியிருக்கிறார். இரண்டாவது குரோன் நோய். செரிமானப் பாதையில் எங்கும் வரக்கூடியது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும். குடற்சுவரின் முழுத் தடிமனிலும் ஊடுருவி அடைப்பையும் பௌத்திரத்தையும் உண்டாக்கும். நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இது தனி நோயாக மருத்துவ உலகில் நிலைபெற்றது. இரண்டும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. இரண்டும் பெரும்பாலும் இளம் வயதில், பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் தொடங்குகின்றன. மருந்தால் அடக்கி வைக்கலாம், அடியோடு போக்க முடியாது. உயிரை விரைவில் பறிப்பதும் அரிது. இளமையில் வருகிறது, போவதில்லை, கொல்வதும் இல்லை என்ற இந்த மூன்று செய்திகளில்தான் முன்கணிப்பின் கணக்கு முழுவதும் நிற்கிறது.

கனடாவிலிருந்து தொடங்கலாம். கால்கரி பல்கலைக்கழகத்தின் கிலாத் கப்லானும் அவர் குழுவினரும் மாகாணங்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2019-ல் ஒரு முன்கணிப்பை வெளியிட்டார்கள். 2018-ல் கனடியரில் 0.7 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 2,70,000 பேருக்கு இந்த நோய் இருந்தது. 2030-ல் அது ஒரு சதவீதமாகி நாலு லட்சத்தைத் தாண்டும் என்றார்கள். பின்னர் வந்த திருத்திய கணக்கு 2023-ல் 3,22,600 பேர் என்றும், 2035-ல் 4,70,000 பேர், அதாவது 1.1 சதவீதம் என்றும் சொன்னது. இத்தனை துணிவோடு ஒரு நோயின் எதிர்காலத்தை எழுதுவது மருத்துவத்தில் அரிது. இந்தத் துணிவு நோயின் காரணத்தை அறிந்ததால் வந்ததில்லை. காரணம் இன்றும் தெளிவாகவில்லை. இருந்தும் கணிப்பு செல்லுபடியாகிறதென்றால், அது காரணத்தைச் சார்ந்த கணிப்பே இல்லை என்பதுதான் பொருள். இந்த வேறுபாட்டை இந்தியச் சூழலில் நாம் மறந்துவிடுகிறோம் என்பதும், மறந்ததால் கனடாவின் துணிவைக் கடன் வாங்கி நமக்குப் பொருந்தாத எண்களை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதும் என் வாதம்.

ஓர் ஊரில் ஆண்டுதோறும் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்பது ஒரு வீதம். அந்த ஊரில் இன்று மொத்தம் எத்தனை பேர் நோயோடு வாழ்கிறார்கள் என்பது வேறொரு வீதம். ஏரிக்கு வரும் வரத்துக்கும் ஏரியில் நிற்கும் நீருக்கும் உள்ள உறவுதான் இரண்டுக்கும். காய்ச்சல் போன்ற நோய்களில் வந்த வேகத்தில் வடிந்துவிடும். குடல் அழற்சி நோயில் வடிகால் ஒன்றே, அது மரணம். இருபத்தைந்து வயதில் நோய் கண்டவருக்கு அது நாற்பது, ஐம்பது ஆண்டு தள்ளி நிற்கிறது. ஆகவே வரத்து கூடாமல் அதே அளவில் நின்றாலும் தேக்கம் ஏறிக்கொண்டே போகும். கனடாவின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். அங்கே லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 பேருக்கு நோய் புதிதாக உறுதியாகிறது. 2023-ல் மொத்தம் லட்சத்துக்கு 825 பேரளவில் இருந்தார்கள். 2035-ல் 1,100 என்றால் பன்னிரண்டு ஆண்டுகளில் 275 கூடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 23. வருவது 30, கூடுவது 23 என்றால், கணக்கிலிருந்து கழிவது ஆண்டுக்கு ஏழு பேர்தான். நாளைக்கே ஏதோ ஒரு காரணத்தால் புதிய நோயாளர் பாதியாகக் குறைந்து 15 ஆனாலும், கழிவதைவிட வருவது இரு மடங்காக இருக்கும். மொத்தம் ஏறத்தான் செய்யும். நோயாளர்கள் முதுமை எய்தி இறப்பு மெல்ல மெல்லப் பெருகி, வருகையும் கழிவும் சமமாகும்போதுதான் ஏற்றம் நிற்கும். ஒருவர் சராசரியாக நாற்பது ஆண்டு நோயோடு வாழ்வதாகக் கொண்டால், முப்பதை நாற்பதால் பெருக்கக் கிடைக்கும் 1,200 அந்தச் சமநிலையின் தோராயமான உயரம். கனடாவின் முன்கணிப்பு இந்த எளிய பெருக்கலைத் தாண்டிப் பெரிதாக எதையும் கோரவில்லை. இன்று உயிரோடிருக்கும் நோயாளர் நாளையும் இருப்பார்கள் என்பதுதான் அதன் அடிப்படை.

இப்படிப்பட்ட கணக்குக்கு இன்றைய எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். இதில் பணக்கார நாடுகளும் தடுமாறுகின்றன. அமெரிக்காவில் 2015-ல் நடந்த தேசிய நலவாழ்வு நேர்காணல் ஆய்வில் வயது வந்தோரில் 1.3 சதவீதத்தினர், ஏறத்தாழ 31 லட்சம் பேர், தமக்கு இந்த நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னதுண்டு என்றார்கள். 2023-ல் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது 0.7 சதவீதம், ஏறத்தாழ 24 லட்சம். சில ஆண்டு கழித்து எண்ணும்போது எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும்; குறைந்திருக்கிறது. நோய் குறையவில்லை. கேட்ட முறை மாறியது, அவ்வளவுதான். நோயாளியின் வாய்மொழியில், அழற்சி ஏதுமில்லாத குடல் எரிச்சல் கோளாறும் இதனோடு எளிதில் கலந்துவிடும். இதற்கு நேர்மாறானது ஸ்காட்லாந்தின் எடின்பரோவும் சுற்றுப்புறமும் அடங்கிய லோதியன் பகுதியில் நடந்த ஆய்வு. பல பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தப் பதிவிலும் அகப்படாமல் தப்பியவர் எத்தனை பேர் என்பதையும் புள்ளியியலால் மதிப்பிட்டு, 2018-ல் லட்சத்துக்கு 784 என்று கண்டார்கள். 2028-ல் அது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும் என்பது அவர்களுடைய கணிப்பு. வேறு கண்டம், வேறு முறை. ஆனாலும் கனடாவின் எண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. கவனமாக எண்ணிய இரண்டு இடங்களின் கணிப்புகள் ஒத்துப்போவதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 2010-ல் இந்தியாவில் 14 லட்சம் பேருக்குக் குடல் அழற்சி நோய் இருந்ததாக ஒரு மதிப்பீடு ஆய்விதழ்களில் பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. உலக நோய்ச்சுமை ஆய்வின்படி 1990-ல் 1,30,000 பேர், 2019-ல் 2,70,000 பேர். பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று கண்ட, லட்சத்துக்கு 44.3 என்ற அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வீதத்தை 2011 கணக்கெடுப்பின் 121 கோடியோடு பெருக்கினால் அந்த ஒரு நோய்க்கு மட்டுமே 5,36,000 வருகிறது. ஒரே நாடு, அருகருகே உள்ள ஆண்டுகள். 1990-ஐ விட்டுவிட்டாலும், மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் ஐந்து மடங்கு இடைவெளி. இப்படித் தொடக்கப்புள்ளியே ஊசலாடும்போது, 2035-ல் இந்தியாவில் 22 லட்சம் பேர் இருப்பார்கள் என்று 2021-ல் வெளியான மாதிரிக் கணக்கு ஒன்று சொல்வதை என்ன செய்வது? அந்த ஆய்வாளர்களின் கணிதத்தில் பிழை இருக்கத் தேவையில்லை. நிச்சயமில்லாத ஓர் எண்ணை எத்தனை நுட்பமான கணிதத்தால் முன்னோக்கி நகர்த்தினாலும் அதன் நிச்சயமின்மையும் கூடவே நகர்ந்து, போகப் போக அகன்றுகொண்டுதான் போகும்.

பஞ்சாப் ஆய்வைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தியாவைப் பற்றி உலகம் எழுதுவதில் பெரும்பகுதி அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியின் அஜித் சூதும் வந்தனா மிதாவும் சக ஆய்வாளர்களும் 51,910 பேரை வீடுதேடிச் சென்று விசாரித்தார்கள். ஐயத்துக்குரியவர்களைப் பரிசோதித்து நோயை உறுதிசெய்தார்கள். ஓராண்டு கழித்து மீண்டும் சென்றார்கள். ஆய்வு 2003-ல் 'கட்' மருத்துவ இதழில் வெளியானது. உழைப்பிலும் நேர்மையிலும் எவரும் குறை சொல்ல முடியாத வேலை. கண்ட நோயாளிகள் 23 பேர். மறு ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். லட்சத்துக்கு ஆண்டுக்கு 6 என்ற வீதம் அந்த மூவரிலிருந்து வந்தது. ஒருவர் குறைந்திருந்தால் வீதம் 4 ஆகியிருக்கும், ஒருவர் கூடியிருந்தால் 8. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் எதிர்காலத்தை இந்த மூன்று பேரின் மேல் ஏற்றிவைப்பது ஆய்வாளர்களின் குற்றமாகாது. அதற்குப் பிறகு அத்தகைய ஆய்வுகளை நாடு முழுவதும் பெருக்காமல் விட்டது நம் குற்றம்.

இருந்தாலும் அந்தச் சிறிய எண்களிலும் ஒரு தடயம் இருக்கிறது. மொத்த வீதத்தைப் புதிய வீதத்தால் வகுத்துப் பாருங்கள். கனடாவில் 825-ஐ 30-ஆல் வகுத்தால் 27 ஆண்டு வருகிறது. பஞ்சாபில் 44.3-ஐ 6-ஆல் வகுத்தால் ஏழு ஆண்டுக்குச் சற்று மேல். தற்போதுள்ள வேகத்தில் இன்றைய தேக்கம் சேர எத்தனை ஆண்டு பிடித்திருக்கும் என்பதை இந்த ஈவு காட்டுகிறது. ஏழாண்டு என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. நோய் அண்மையில்தான் வேகமெடுத்திருக்கிறது என்பது ஒன்று. நோயாளிகள் நீண்ட நாள் வாழவில்லை, அல்லது பழைய நோயாளிகள் எண்ணும்போது தப்பிவிட்டார்கள் என்பது மற்றொன்று. முதல் விளக்கம் சரியென்றால், அடுத்து வந்த பத்தாண்டில் வேறெதுவும் மாறாமலே 44-உடன் ஏறத்தாழ 60 சேர்ந்து நூறைத் தொட்டிருக்க வேண்டும். இரண்டாவது சரியென்றால், மருத்துவ வசதி பெருகப் பெருக நோயாளரின் ஆயுள் நீண்டு, அதனாலேயே எண்ணிக்கை உயரும். எது உண்மையாக இருந்தாலும் திசை மேல்நோக்கித்தான். ஆகவே திசையைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஓர் எண்ணையும் ஓர் ஆண்டையும் சேர்த்து எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

குரோன் நோயின் நிலை இன்னும் கலங்கலானது. குடல் காசநோயும் குரோன் நோயும் ஒரே இடத்தைத் தாக்குகின்றன. அதே வயிற்றுவலி, அதே எடைக் குறைவு, அதே காய்ச்சல். பெருங்குடலின் உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் ஏறத்தாழ அதே புண்கள். பயாப்ஸியில் இரண்டிலும் கிரானுலோமா எனப்படும் அழற்சித் திரள்கள் தெரியலாம். காசநோய்க் கிருமி அகப்படாமல் போவது சாதாரணம். உலகின் காசநோயாளரில் ஏறத்தாழ கால் பங்கினர் வாழும் நாட்டில், ஐயம் வந்தால் மருத்துவர் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துச் சில மாதம் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதனால் இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் விளைகின்றன. பழைய பதிவுகளில் குடல் காசநோய் என்று எழுதப்பட்டவர்களில் சிலருக்கு இருந்தது குரோன் நோய். இன்றைய பதிவுகளில் குரோன் என்று எழுதப்படும் சிலருக்கு இருப்பது காசநோய். காசநோய் குறையக் குறைய, குரோன் நோய் கூடாமலே கூடியதுபோலத் தோன்றும். கனடாவின் கணக்கில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. நமக்கு இதைத் தீர்க்காமல் கணக்கே இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். நோய் கூடவே இல்லை. கொலனோஸ்கோப்பிக் கருவிகள் கூடியிருக்கின்றன, குடல்நோய் நிபுணர்கள் கூடியிருக்கிறார்கள், முன்பு சீதபேதி என்று விட்டது இன்று பெயர் பெறுகிறது என்பார்கள். இதில் உண்மை உண்டு; எவ்வளவு உண்மை என்பதுதான் கேள்வி. ஆசிய-பசிபிக் நாடுகளின் மருத்துவர்கள் சேர்ந்து ஒரே முறையில் புதிய நோயாளரை எண்ணிய ஆய்வு 2013-ல் வந்தது. ஆசியப் பகுதிகளில் லட்சத்துக்கு ஆண்டுக்கு 1.37, ஆஸ்திரேலியாவில் 23.67. பின்னர் விரிவாக்கப்பட்ட அதே ஆய்வில் ஹைதராபாத் 9-ஐத் தாண்டி ஆசியாவிலேயே மிக உயர்ந்து நின்றது. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் கொலனோஸ்கோப்பிக்குப் பஞ்சமில்லை; கருவிதான் நோயைக் கூட்டுகிறது என்றால் அவை ஹைதராபாத்துக்கு மேலே இருந்திருக்க வேண்டும். மேலும் ஹைதராபாத்தைச் சேர்ந்த ரூபா பானர்ஜி குழுவினர் கிராமங்களுக்கும் கருவியைக் கொண்டுசென்று, குடல் தொந்தரவு உள்ள 30,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து 2023-ல் வெளியிட்ட முடிவு, இது நகரத்து நோய் என்ற எண்ணத்தைத் தகர்த்தது; கிராமத்திலும் அதே அளவுக்கு நோய் இருந்தது. இந்த முடிவு மறுப்பாளருக்கும் ஒரு வகையில் துணைபோகிறது: தேடிப்போனால் அகப்படுகிறது என்பதால், தேடாத இடங்களில் வெகுகாலமாகவே இருந்திருக்கலாம். ஆனால் முன்கணிப்பைப் பொறுத்தவரை அது ஆறுதல் தராது. இதுவரை பெயர் பெறாத நோயாளியும் நோயாளியே. நாளை அவர் கண்டறியப்படும்போது அவருக்கும் மருந்து வேண்டும், படுக்கை வேண்டும், அறுவை சிகிச்சை வேண்டும். மருத்துவத் துறை ஆயத்தமாக வேண்டியது நோய் வந்தவர்களின் எண்ணிக்கைக்கு மட்டுமல்ல, கதவைத் தட்டப்போகிறவர்களின் எண்ணிக்கைக்கும்தான்.

இரண்டாவது மறுப்பு: மேற்கில் நடந்தது நம்மவரிடம் நடக்காது, உடல் வேறு, உணவு வேறு என்பது. இதற்கான விடை, நாட்டைவிட்டுப் போனவர்களிடம் இருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டரில் குடியேறிய தெற்காசியரிடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அங்குள்ள ஐரோப்பியரைவிட அதிகமாக இருந்ததை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 2015-ல் வெளியான ஆய்வில், குடியேறியவர்களுக்கு நோய் குறைவு. ஆனால் அங்கே பிறந்த தெற்காசியப் பிள்ளைகளுக்கு மற்றக் கனடியப் பிள்ளைகள் அளவுக்கே நோய். ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் மாகாணம் அது என்பதை இந்த அவைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில், அதாவது ஈப்போவிலும் சுற்றுப்புறத்திலும், 2011 முதல் 2013 வரை எண்ணியபோது இந்தியரிடம் புதிய நோயாளர் வீதம் லட்சத்துக்கு 1.91, சீனரிடம் 0.63, மலாய்க்காரரிடம் 0.35. மலேசிய இந்தியரில் பெரும்பான்மையோர் தமிழர். ஒரே ஊர், ஒரே மருத்துவமனைகள். கண்டறியும் வசதியின் வேறுபாட்டைக் காரணம் காட்ட வழியில்லை. ஆக, நம் உடல் இந்த நோய்க்கு விலக்குப் பெற்றதில்லை என்பது தெளிவு. ஆசியரில் நாம் கூடுதலாக இடம்கொடுப்பவர்கள் என்றே படுகிறது. அதேசமயம் சூழலின் கை எவ்வளவு வலியது என்பதற்கு வட அட்லாண்டிக்கின் பரோயே தீவுகளைப் பார்க்க வேண்டும். உலகிலேயே மிக உயர்ந்த புதிய நோயாளர் வீதங்களில் ஒன்று அங்கே பதிவாகியிருக்கிறது. அந்தத் தீவினர் டென்மார்க்கில் குடியேறினால் அவர்களின் கூடுதல் ஆபத்து பத்தாண்டுக்குப் பிறகு மறைந்துவிடுகிறது. மரபணு மாறவில்லை, இடம் மாறியது, ஆபத்து இறங்கியது.

நோயின் வரலாற்றைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டும் ஒரு கோட்பாடு இப்போது செல்வாக்குப் பெற்றிருக்கிறது. முன்பு சொன்ன கப்லானும் அவருடைய சக ஆய்வாளர் வின்ட்சரும் 2021-ல் முன்வைத்தது. முதலில் நோய் அங்கொன்று இங்கொன்றாகத் தோன்றும், அடுத்துப் புதிய நோயாளர் வீதம் வேகமாக ஏறும், பிறகு புதிய வீதம் தணிந்தாலும் மொத்தம் பெருகிக்கொண்டே போகும், கடைசியில் சமநிலை. 2025-ல் 'நேச்சர்' இதழில், 1920 முதல் நூறாண்டுக்கு மேற்பட்ட தரவுகளை எண்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளிலிருந்து திரட்டி, பகுதிகள் இந்தப் படிகளில் ஏறிவருவதைக் காட்டினார்கள். பெருமுயற்சி, பயனுள்ளது. பிரேசிலிலும் தைவானிலும் 1990-க்குப் பிறகு ஆண்டுதோறும் புதிய நோயாளர் வீதம் ஏறியதையும், அதே காலத்தில் மேற்கில் அது நிலைத்து நின்றதையும் இந்தக் கோட்பாடு ஒரே சட்டத்துக்குள் அழகாகப் பொருத்துகிறது. ஆனால் படிகளின் வரிசையைத்தான் அது சொல்கிறது, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எத்தனை ஆண்டு என்பதைச் சொல்லவில்லை. எந்தப் படியில் எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்பதையும் சொல்லவில்லை. முன்கணிப்புக்கு இந்த இரண்டும்தான் வேண்டும்.

வரிசை மாறாமல் நடக்கும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. குடற்புண், அதாவது பெப்டிக் அல்சர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டனில் பெருகியது. அன்றைய வேகத்தை அப்படியே முன்னோக்கி நீட்டியிருந்தால் நூற்றாண்டின் முடிவில் அது பெருங்கொள்ளை நோயாகியிருக்கும். நடந்ததோ வேறு. 1962-ல் ஆய்வாளர்கள் சஸ்ஸரும் ஸ்டெய்னும் காட்டியதுபோல, குறிப்பிட்ட ஆண்டுகளில் பிறந்த தலைமுறைகளிடம்தான் நோய் மிகுந்திருந்தது. அவர்களுக்குப் பின் பிறந்தவர்களிடம் குறையத் தொடங்கியது. அப்போது எவருக்கும் காரணம் தெரியாது. குடற்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியை வாரனும் மார்ஷலும் பெர்த் நகரில் 1982-ல் வளர்த்துக் காட்டிய பிறகுதான், குழந்தைப்பருவத்தில் தொற்றும் கிருமி குறைந்ததால் நோயும் தலைமுறை தலைமுறையாகக் குறைந்தது விளங்கியது. குடல் அழற்சி நோயில் நாம் இன்னும் சஸ்ஸரின் காலத்தில்தான் இருக்கிறோம். இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் தெரியும். புகைப்பழக்கம் குரோனைக் கூட்டுகிறது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸைக் குறைக்கிறது என்பது தெரியும். குழந்தைப்பருவத்து ஆன்டிபயாட்டிக், மிகையாகப் பதப்படுத்திய உணவு ஆகியவற்றின் மேல் வலுவான ஐயம் இருக்கிறது. இவற்றையெல்லாம் கூட்டினாலும் ஹைதராபாத்தில் 9 ஏன், ஹாங்காங்கில் அதைவிடக் குறைவு ஏன் என்று விளக்க முடியாது. விளக்க முடியாத ஒன்று அடுத்த இருபது ஆண்டில் எப்படி மாறும் என்று சொல்லவும் முடியாது.

அப்படியானால் இந்தியாவில் முன்கணிப்பையே கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே நோயோடு வாழ்பவர்கள் நாளை எத்தனை பேர் இருப்பார்கள் என்பது ஒன்று. அதற்கு எண்ணிக்கையும் வயதும் இறப்பு வீதமும் போதும், காரணம் வேண்டாம். இனி நோய் வரப்போகிறவர்கள் எத்தனை பேர் என்பது மற்றொன்று. அதை நிபந்தனையோடுதான் சொல்ல வேண்டும். புதிய நோயாளர் வீதம் 6-லேயே நின்றால் நாற்பது ஆண்டில் லட்சத்துக்கு 240-ஐ நெருங்கும். 9-இல் நின்றால் 360. கனடாவின் 30-ஐ எட்டினால் 1,200 நோக்கிப் போகும். இந்த மூன்றையும் அருகருகே எழுதி, எது நடக்கிறது என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்ப்பதுதான் நேர்மையான முன்கணிப்பு. மூன்றில் மிகக் குறைந்த 240-ஐ எடுத்தாலும், பஞ்சாப் ஆய்வின் 44-ஐப் போல ஐந்து மடங்குக்கு மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்றம் வருமா என்ற விவாதம் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

நீரிழிவும் இதயநோயும் கோடிக்கணக்கிலும் காசநோய் லட்சக்கணக்கிலும் இருக்கும் நாட்டில், லட்சத்துக்குச் சில நூறு பேருக்கு வரும் நோய்க்கு ஏன் இத்தனை கணக்கு என்று கேட்கலாம். கேட்பவரின் கவலை நியாயமானது, பொதுப்பணம் குறைவு. ஆனால் இந்த நோய் பிடிப்பது படிக்கும் வயதிலும், வேலைக்குச் சேரும் வயதிலும், மணம் முடிக்கும் வயதிலும். நாளுக்குப் பத்து முறை கழிவறைக்கு ஓட வேண்டியவர் பேருந்தில் ஒரு மணிநேரப் பயணத்துக்கும் அஞ்சுவார், வேலையை இழப்பார், வெளியில் சொல்லவும் கூசுவார். செலவும் நாற்பது ஆண்டுச் செலவு. 1998-ல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்சிமாபும், அதைத் தொடர்ந்து வந்த பயாலஜிக் மருந்துகளும் பலரை அறுவை சிகிச்சையிலிருந்து காத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றான அடலிமுமாபின் உலகின் முதல் பயோசிமிலர், அதாவது ஒத்த மாற்று மருந்து, 2014-ல் இந்தியாவிலேயே வெளியாகி விலை இறங்கியது. இறங்கிய பிறகும் பெரும்பாலான குடும்பங்களின் கைக்கு எட்டுவதில்லை. அதோடு இந்த மருந்துகள் உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பதால், நம் நாட்டில் ஒவ்வொரு நோயாளியையும் முன்கூட்டியே அதற்காகச் சோதிக்க வேண்டும். எத்தனை பேருக்கு எந்த மாவட்டத்தில் இந்த மருந்து தேவைப்படும் என்று தெரியாமல் அரசால் மொத்தக் கொள்முதலும் செய்ய முடியாது, காப்பீட்டுத் திட்டத்தில் வரம்பும் வகுக்க முடியாது. இன்று முப்பது வயதில் இருக்கும் நோயாளிகள் எழுபதை எட்டும்போது நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் சேர்ந்துகொள்ளும். பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தும் நோயின் ஆண்டுகள் கூடக் கூட ஏறும். மேற்கு நாடுகள் இப்போதுதான் முதிய குடல் அழற்சி நோயாளரைச் சந்திக்கத் தொடங்கியிருக்கின்றன. நமக்கு இன்னும் சில பத்தாண்டு அவகாசம் இருக்கிறது.

அந்த அவகாசத்தில் செய்ய வேண்டியது எண்ணுவது. இது கனவுத் திட்டமில்லை. தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு நோயை இப்படி எண்ணிக்கொண்டிருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவருகிறது. 2012 முதல் மாநிலம் முழுவதற்குமாக அது விரிந்தது. கருப்பைவாய்ப் புற்று குறைவதும் மார்பகப் புற்று கூடுவதும் அப்படி எண்ணியதால்தான் நமக்குத் தெரியும். குடல் அழற்சி நோய்க்கு நான்கைந்து மாவட்டங்களில் தொடங்கினாலே போதும்: ஒரு பெருநகரம், ஒரு டெல்டா மாவட்டம், ஒரு தொழில் மாவட்டம், ஒரு மலைப்பகுதி. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் களப்பணியாளர்கள் நீரிழிவுக்கும் இரத்தக்கொதிப்புக்கும் வீடுதேடிப் போகிறார்கள். நான்கு வாரத்துக்கு மேல் இரத்தம் கலந்த பேதி உண்டா என்ற கேள்வியையும் அவர்கள் கேட்கலாம். உண்டு என்பவருக்கு குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்ப்ரொடெக்டின் புரதத்துக்கு மலச் சோதனை, அதில் ஐயம் எழுந்தால் கொலனோஸ்கோப்பி. வகுத்துப் பார்க்க வேண்டிய மக்கள்தொகையே 2011-க்குப் பின் எண்ணப்படாமல் நாள் கடந்தது இத்தகைய எல்லா வீதங்களையும் பாதிக்கிறது. புதிய கணக்கெடுப்பு முடிந்ததும் அதையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

பதிவேட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று ஆண்டுகள் தவறாமல் குறிக்கப்பட வேண்டும்: பிறந்த ஆண்டு, முதல் அறிகுறி தோன்றிய ஆண்டு, நோய் உறுதியான ஆண்டு. பிறந்த ஆண்டு இருந்தால், குடற்புண்ணைப் போலக் குறிப்பிட்ட தலைமுறைகளிடம் நோய் குவிகிறதா என்பது தெரியும். அறிகுறிக்கும் உறுதியானதற்கும் இடைவெளி ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே போனால், ஏற்றத்தில் எவ்வளவு பங்கு மேம்பட்ட கண்டறிதலால் வந்தது என்று பிரித்துவிடலாம். குரோன் என்று எழுதப்படும் ஒவ்வொருவரும் அதற்கு முன் எத்தனை மாதம் காசநோய் மருந்து உட்கொண்டார் என்ற விவரத்தையும் சேர்த்துவிட்டால், நாற்பது ஆண்டாகத் தீராத ஒரு குழப்பத்துக்கு முதன்முறையாக எண்ணில் விடை கிடைக்கும். அதன் பிறகு 2035-க்கோ 2045-க்கோ ஓர் எண்ணை எழுதலாம். எத்தனைக்கு எத்தனை தவறக்கூடும் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதலாம்.